மாலை அறிக்கை சொல்லாதது

பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்கு முதன்முறையாகத் தலைமையேற்றபோது, ஒவ்வொருவரும் அன்றன்று முடித்த வேலையை மாலையில் எழுதி அனுப்ப வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தேன். யாரையும் சந்தேகித்து அதைச் செய்யவில்லை. எங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மூன்று மாதங்கள் கழித்து, ஒரு கணக்கீட்டில் நேர்ந்த பிழையைக் குழுவில் ஒருவர் இரண்டு வாரங்களாக மறைத்து வைத்திருந்தது தெரியவந்தது. அந்த இரண்டு வாரங்களிலும் அவருடைய மாலை அறிக்கை ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒவ்வொன்றையும் நான் படித்தும் இருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, “சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை” என்றார். நிறுவனங்களில் நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிய ஆய்வுகளை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தப் பதிலால்தான்.

இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது, ரோஜர் மேயர், ஜேம்ஸ் டேவிஸ், டேவிட் ஷூர்மன் ஆகிய மூவரும் 1995-இல் வெளியிட்ட கட்டுரை. தனக்கு முக்கியமான ஒன்றை மற்றவர் செய்வார் என்ற எதிர்பார்ப்பில், அவரைக் கண்காணிக்கவோ கட்டுப்படுத்தவோ தன்னால் முடியுமா என்பதைப் பொருட்படுத்தாமல், அவருடைய செயலால் தனக்குப் பாதிப்பு நேரக்கூடிய நிலையை ஏற்கத் தயாராக இருப்பதே நம்பிக்கை என்று அவர்கள் வரையறுத்தார்கள். ஒருவரைப் பிடித்திருப்பதும் அவரோடு இணக்கமாகப் பழகுவதும் இந்த வரையறைக்குள் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் நம்பத்தக்கவர் என்று நாம் கருதுவதற்கு அவருடைய திறமை, நம்மீது அவருக்குள்ள நல்லெண்ணம், அவருடைய நேர்மை ஆகிய மூன்றும் அடிப்படை என்றும் அவர்கள் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது என் தவறு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் திறமையை அந்த நண்பர் அறிந்திருந்தார். நான் பொய் சொல்பவன் அல்ல என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தவறு செய்த ஒருவரை நான் எப்படி நடத்துவேன் என்பதற்கு அவரிடம் ஒரு சான்றுகூட இல்லை. மாலை அறிக்கை அவரைப் பற்றி எனக்குச் சொன்னதே தவிர, என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. தலைமையில் இருப்பவர்கள் ‘இவர்களை நான் நம்பலாமா’ என்றுதான் பெரும்பாலும் யோசிக்கிறோம். வேலையும் பெயரும் பதவி உயர்வும் மேலே இருப்பவரின் கையில் இருக்கும்போது, அந்த உறவில் கூடுதலான ஆபத்தைச் சுமப்பவர் கீழே இருப்பவர்தான் என்பது நமக்கு எளிதில் உறைப்பதில்லை.

எமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை வெவ்வேறு செவிலியர் பிரிவுகளில் அவர் ஒப்பிட்டார். நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. கிடைத்த விவரமோ அதற்கு நேர்மாறாக, அத்தகைய பிரிவுகளில் பதிவான பிழைகள் கூடுதலாக இருந்தன. அங்கே பிழைகள் அதிகம் நடந்தன என்பதைவிட, நடந்தவற்றை அஞ்சாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். 1999-இல், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற கருத்தை, அதாவது தவறையோ ஐயத்தையோ வெளியே சொன்னால் தமக்குக் கேடு வராது என்று குழுவினர் நம்பும் நிலையை, அவர் விரிவாக எழுதினார். பிழைப் பட்டியல் சுத்தமாக இருப்பதைப் பார்த்து மகிழும் ஒவ்வொரு தலைவரும் அந்த மருத்துவமனை ஆய்வைப் படிக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்; நானும் அப்படி மகிழ்ந்தவன்.

அப்படியானால் கண்காணிப்பே கூடாதா? ஆர்மின் ஃபால்க், மைக்கேல் கோஸ்ஃபெல்ட் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை அந்தப் பக்கம் சாய்வதுபோல் தோன்றும். அதில் ஒருவர் தன்னிடமுள்ள தொகையில் எவ்வளவை இன்னொருவருக்குத் தருவது என்று முடிவு செய்ய வேண்டும். ‘குறைந்தது இவ்வளவாவது தர வேண்டும்’ என்று பெறுபவர் எல்லை விதித்தபோது, தருபவர்களில் பெரும்பாலோர், எல்லை விதிக்காதபோது தந்ததைவிடக் குறைவாகவே தந்தார்கள். அந்த எல்லையை அவநம்பிக்கையின் அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கிளாஸ் லாங்ஃப்ரெட் 2004-இல் எழுதிய கட்டுரை எதிர்ப்புறத்தைக் காட்டுகிறது. தம்மைத் தாமே நிர்வகித்துக்கொண்ட 71 மாணவர் குழுக்களில், ஒருவரையொருவர் மிகவும் நம்பியவர்கள் ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதோடு ஒவ்வொருவரும் தனித்தனியே இயங்கிய குழுக்களில் வேலையின் தரம் தாழ்ந்தது. குழுவினரிடையே நம்பிக்கை இருந்தால் செயல்திறன் பொதுவாக உயர்கிறது என்பதில் ஐயமில்லை. 7,763 குழுக்களை உள்ளடக்கிய 112 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-இல் வெளியான கட்டுரை அதை உறுதி செய்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்த பிறகு என் முடிவு இதுதான்: ஒருவரின் வேலையைச் சரிபார்ப்பது நம்பிக்கையைக் குலைப்பதில்லை, யார் யாரைச் சரிபார்க்கிறார்கள், பிழை கண்டால் அடுத்து என்ன நடக்கும் என்பவை ஒருதலையாகவோ மறைவாகவோ இருந்தால்தான் குலைகிறது.

உடைந்த நம்பிக்கையை மீட்பது தனி ஆய்வுப் பொருள். அதில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பீட்டர் கிம்மும் அவருடைய சகாக்களும் 2004-இல் கண்டபடி, திறமைக் குறைவால் நேர்ந்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பது நம்பிக்கையை மீட்க உதவுகிறது. நேர்மை பற்றிய குற்றச்சாட்டில் அதே மன்னிப்பு அவ்வளவாக உதவுவதில்லை. அந்த நண்பரின் கணக்குப் பிழை முதல் வகையைச் சேர்ந்தது. அதை மறைத்த இரண்டு வாரங்கள்தான், பிழையை இரண்டாம் வகையாகப் பிறர் பார்க்கும்படி செய்தன. அவரை அந்த இடத்துக்குத் தள்ளியதில் எனக்கும் பங்கு உண்டு என்று குழுவின் முன்னால் சொன்னேன்.

மாலை அறிக்கையை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக, எந்தக் கணக்கும் வெளியே போகுமுன் இன்னொருவர் அதைப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தோம். என் கணக்குகளைப் பார்க்கும் பொறுப்பைக் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கொடுத்தேன். பிழை கண்டால் அதைத் திருத்துவது மட்டுமே நடக்கும், யாருடைய மதிப்பீட்டிலும் அது சேராது என்பதையும் எழுத்தில் தந்தேன். முதல் இரண்டு முறை அவர் என் தாள்களில் ஒரு குறிப்பும் இடாமல் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை, ஒரு கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் பென்சிலால் மிகச் சிறிய கேள்விக்குறி ஒன்று இருந்தது. அவரை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வரியை முதலிலிருந்து இருவரும் சேர்ந்து போட்டுப் பார்த்தோம்.