கதைச்சுருக்கம் எழுதி மதிப்பெண் இழந்தவன் கதையமைப்பைப் படித்த விதம்

முதுகலைத் தமிழ் முதலாண்டில், இக்கால இலக்கியத் தாளில் எனக்குக் கிடைத்தவை 43 மதிப்பெண்கள். பாடத்தில் இருந்த கதைகள் அனைத்தையும் இரண்டு முறை வாசித்திருந்தேன். கதைமாந்தர் பெயர்களில் ஒன்றைக்கூடத் தவறாக எழுதவில்லை என்பதால் அந்த எண் முதலில் எனக்குப் புரியவில்லை. விடைத்தாள் நகலைப் பெற்றுப் பார்த்த பிறகே காரணம் விளங்கியது. கதையமைப்பு உத்திகளை ஆராயச் சொன்ன வினாவுக்கு மூன்றரைப் பக்கம் கதையைச் சுருக்கி எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் பின்னோக்கு உத்தி, நனவோடை உத்தி, முன்னுணர்த்தல், குறியீடு என்று பெயர்களை மட்டும் அடுக்கியிருந்தேன். அந்த உத்தி அந்தக் கதையில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பணிக்குச் சென்றுகொண்டே தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்கள் பலரும் இதே வழியில் எழுதுவதைப் பார்த்திருப்பதால், இரண்டாம் ஆண்டில் நான் மாற்றிக்கொண்ட படிப்பு முறையை இங்கே எழுதுகிறேன்.

செய்தது எளியதுதான். ஒவ்வொரு கதைக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் நிகழ்ச்சிகள் உண்மையில் நடந்திருக்கக்கூடிய வரிசையையும், வலப்புறம் ஆசிரியர் அவற்றைச் சொல்லியிருக்கும் வரிசையையும் எழுதினேன். இரண்டும் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ அங்கெல்லாம் சிவப்பு மையில் ஒரு கேள்வி: இதை நடந்த வரிசையிலேயே சொல்லியிருந்தால் எது கெட்டுப்போயிருக்கும்? நடந்ததையும் சொல்லப்பட்டதையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது 1920களில், இலக்கியத்தின் வடிவத்தை ஆராய்ந்த ரஷ்ய உருவவியலாளர்கள் வகுத்துத் தந்த வழி என்பதும், பிரெஞ்சு அறிஞர் ழெரார் ழெனெத் 1972இல் அதை வரிசை, கால அளவு, தடவை (ஒன்று எத்தனை முறை சொல்லப்படுகிறது) எனப் பிரித்து விரித்தார் என்பதும் எனக்குப் பின்னரே தெரிந்தன. கதை சொல்லப்படும் விதத்தை ஆராயும் எடுத்துரைப்பியல் பற்றிய நூல்களைத் தொடக்கத்திலேயே படித்திருந்தால் அந்தக் கலைச்சொற்களையும் பெயர்ப்பட்டியலாகவே விடைத்தாளில் இறக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இந்த முறை எனக்கு முதலில் பலன் தந்தது புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில்தான். செல்லம்மாளின் உயிர் பிரிவது கதையின் முதல் வாக்கியம். ஊர் உறவினரெல்லாம் பல நூறு மைலுக்கு அப்பால் இருக்க, பட்டணத்து வீட்டில் கணவர் பிரம்மநாயகம் பிள்ளை தனியே பிணத்துடன் இருக்கிறார். அதன் பிறகே கதை பின்னால் சென்று, ஜவுளிக்கடை வேலையும் வறுமையும் அவளுடைய நோயும் ஊருக்குப் போகவேண்டும் என்ற அவளது ஆசையுமாக அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்கிறது. இதைப் ‘பின்னோக்கு உத்தி’ என்று எழுதி நிறுத்தினால் அரை மதிப்பெண் கிடைக்கலாம். வரிசையை நேராக்கிப் பார்த்தால்தான் பொருள் தெரிகிறது. நேர்வரிசையில் சொல்லப்பட்டிருந்தால் வாசகர் ‘பிழைப்பாளா, மாட்டாளா’ என்ற பதைப்போடு வாசித்திருப்பார். சேலை எடுத்துவருவதும் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் அந்தப் பதைப்பில் காணாமல் போயிருக்கும். முடிவை முதல் வரியிலேயே கொடுத்து அந்தக் கேள்வியை ஆசிரியர் எடுத்துவிடுவதால், வறுமைக்கு நடுவே இருவருக்கும் இருந்த ஒட்டுதல் மட்டுமே வாசிக்கக் கிடைக்கிறது. அவள் ஒவ்வொரு முறை ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசும்போதும் அவள் போகப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. துயரம் அழுகையாக இல்லாமல் அமைதியாக நம்மேல் இறங்குவதற்கு இந்த வரிசை மாற்றமே காரணம் என்று எழுதியபோது, என் விடை முதன்முறையாகக் கதைச்சுருக்கத்தைத் தாண்டியது.

யார் சொல்கிறார் என்பது அடுத்த கேள்வி. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ (1915) கதையில் கதைசொல்லி ஓர் அரசமரம். ‘அஃறிணை கதை சொல்வது புதுமை’ என்று வழிகாட்டி நூல்கள் எழுதும் வரியைத்தான் நானும் முதலில் எழுதிவைத்திருந்தேன். ஆனால் மரம் நகர முடியாது என்பதையும், குளத்தங்கரையில் பேசப்படும் எல்லாம் அதன் காதில் விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் திருமணத்துக்குச் சம்மதித்ததுபோல் ருக்மிணியின் கணவன் நாகராஜன் நடிப்பது வெறும் விளையாட்டு என்பதை மரம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ருக்மிணிக்கு அது தெரியாது. மரத்தால் அவளிடம் சொல்லவும் இயலாது. அவள் அந்தக் குளத்திலேயே உயிர் விடுகிறாள். அறிந்தும் தடுக்க முடியாத ஒரு சாட்சியின் இடத்தில் வாசகரை உட்கார வைப்பதற்கே அந்தக் கதைசொல்லி தேவைப்பட்டிருக்கிறது. கதைசொல்லியையும் ஆசிரியரையும் ஒருவராகக் கருதி ‘ஐயர் கூறுகிறார்’ என்று எழுதும் பழக்கம் இந்தக் கதையோடு என்னைவிட்டுப் போனது. மரத்தை ஐயர் என்று எழுத எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கதையமைப்பு என்பது புனைகதைத் தாளோடு நின்றுவிடும் பொருள் அன்று. காப்பியத் தாளுக்கும் அதே குறிப்பேட்டைப் பயன்படுத்தினேன். உண்மையில் மிகுதியாகக் கற்றது அங்கேதான். சிலப்பதிகாரத்தின் முன்னுரையாக அமைந்த பதிகமே முழுக்கதையையும் சொல்லிவிடுகிறது. வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்த பெண்ணைக் கண்டதாகக் குன்றக் குறவர் வந்து சொல்வதில் தொடங்கும் நூலில், முடிவு எவருக்கும் மறைக்கப்படவில்லை. ஆகவே இங்கே ஆர்வம் ‘என்ன ஆகும்’ என்பதில் இருக்க வழியில்லை. ‘எப்போது, எப்படி’ என்பதில்தான் இருக்க முடியும்.

அந்த ‘எப்போது’ எவ்வாறு நெருங்கி வருகிறது என்பதற்கு மூன்று கனவுகளைப் பின்தொடர்ந்தால் போதும். கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்வது புகார்க் காண்டத்தில், கனாத்திறம் உரைத்த காதையில். பயணமே இன்னும் தொடங்கவில்லை. கோவலன் தன் கனவை மறையவன் மாடலனிடம் சொல்வது அடைக்கலக் காதையில், மதுரையின் புறஞ்சேரியில். அடுத்த காதை கொலைக்களக் காதை. பாண்டிமாதேவி கனவு காண்பது வழக்குரை காதையின் தொடக்கத்தில். அவள் அதை அரசனிடம் சொல்லும் வேளையிலேயே கண்ணகி வாயிலில் நிற்கிறாள். கனவுக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள தொலைவு ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருகிறது. ‘இளங்கோவடிகள் கனவை முன்னுணர்த்தும் உத்தியாகக் கையாண்டுள்ளார்’ என்பது எல்லா விடைத்தாள்களிலும் இருக்கும் வரி. தொலைவு சுருங்குவதைக் காதைப் பெயர்களோடு காட்டினால் விடை உங்களுடையதாகிவிடும்.

காரணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கோவலன் கொலையுண்டதற்குரிய முற்பிறப்புச் செய்தியை, சங்கமன் என்னும் வணிகனும் அவன் மனைவி நீலியும் இடம்பெறும் அந்தக் கிளைக்கதையை, மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கட்டுரை காதையில்தான் விரித்துச் சொல்கிறது. அதற்குள் கோவலன் இறந்து, பாண்டியன் இறந்து, மதுரையும் எரிந்துவிட்டது. ஊழ்வினை இந்நூலின் மூன்று உண்மைகளில் ஒன்று என்று பதிகம் அறிவித்து, சங்கமன் மனைவியின் சாபத்தையும் சுருக்கமாகத் தொட்டுச் சென்றாலும், கதைக்குள் அந்த வினையை விரிப்பதை ஆசிரியர் அதுவரை பிடித்துவைத்திருக்கிறார். கதைக்குள் முன்னரே விரித்துச் சொல்லியிருந்தால் கண்ணகியின் வழக்குரை முழுவதும் விதிக்கு எதிரான வீண்பேச்சாகத் தெரிந்திருக்கும். அவளுடைய சினத்துக்கு முழு இடம் கொடுத்த பிறகே விதி பேச வருகிறது. இதில் என் பேராசிரியர் ஒருவருக்கு உடன்பாடு இல்லை. கிளைக்கதை கதையோட்டத்தைத் தளர்த்துவதாகவே அவர் கருதினார். தேர்வில் இரு கருத்தையும் எழுதி என் பக்கத்துக்குச் சான்று தந்தேன்; மதிப்பெண் குறையவில்லை.

ஜெயகாந்தனிடம் இன்னொரு வகை அமைப்பு இருக்கிறது. ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், முன்பின் அறியாதவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி அவளை ஏற்றுக்கொள்கிறாள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே நிலைக்கு ஆளான கங்காவுக்கு அப்படி ஒரு தாய் வாய்க்கவில்லை. அவள் அந்தச் சிறுகதையையே பத்திரிகையில் வாசிக்கிறாள். கதைக்குள் கதை என்று பெயர் சூட்டுவது எளிது. தனக்குக் கிடைக்காத ஒரு முடிவை அச்சில் படிக்கும் பெண்ணின் நிலை என்ன என்பதை நான்கு வரியில் எழுதுவதற்கே நேரம் செலவிட வேண்டும். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இன்னும் எளிதில் பிடிபடும்: ஒரு கொலையில் தொடங்கி, இடையில் மங்கத்தாயாரு அம்மாள் வாயிலாக ஓர் இனக்குழுவின் இடப்பெயர்வு முழுவதையும் சொல்லி, பின்னர் தீர்ப்புக்கு வருகிறது. தீர்ப்பைத் தள்ளிவைத்துக்கொண்டு வரலாற்றைச் சொல்கிற அமைப்பு அது.

தேர்வறையில் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வினாத்தாள் கையில் வந்ததும், விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதப்போகும் கதைகளுக்கு மட்டும் அந்த இரண்டு வரிசைகளைச் சிறு குறிகளாகப் போட்டுக்கொண்டேன். ஒரு கதைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. கதைச்சுருக்கத்துக்கு ஐந்து வரி என்று வரம்பு வைத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்துபவர் கதையை ஏற்கெனவே அறிவார். ஒரு கட்டுரைக்கு இரண்டு உத்திகள், மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் கதையில் அது வரும் இடம், அது இல்லாவிட்டால் ஏற்படும் இழப்பு. கையில் ஐந்தாறு உத்திகள் இருந்தும் எழுதாமல் விடுவது முதலில் மனத்துக்கு ஒப்பவில்லை. இரண்டாம் ஆண்டுப் புனைகதைத் தாளில் 68 வந்தது. அதே பருவத்தில் இலக்கணத் தாளில் 51தான், அங்கே இந்தக் குறிப்பேடு எதற்கும் உதவவில்லை.