சிவப்பில் நின்ற பெயர்

நான் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பிளானர், எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும் என்று மென்பொருளில் போடுபவன். திங்கட்கிழமை ரிவ்யூவுக்குச் சற்று முன்னால்தான் எங்கள் துணிக்குச் சாயம் போடும் பட்டறைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல எம்பேரு செவப்புல நிக்குதாமா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "நிக்குதுங்ண்ணா. சிஸ்டம் காட்டுறதைத்தானுங்க நான் காட்ட முடியும்" என்றேன். "முன்பந்தி ஆளுங்க சாப்புட்டுட்டுக் கை கழுவிட்டுப் போயிட்டாங்க. கடைசிப் பந்தியில உக்காந்தவனைக் காட்டி, இவனாலதான் சோறு தீந்துச்சுங்குது உங்க சிஸ்டம். பாத்துக்குங்க தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் அவர் சொன்னதிலும் பொய் இல்லை என்பதுதான் தொல்லை.

ஆர்டர் என்னவோ சாதாரண ஆர்டர்தான். குழந்தைகள் ரவுண்ட் நெக் பனியன், நாலு கலர். மூன்று கலருக்கு லேப் டிப், அதாவது ஒப்புதலுக்குப் போடும் சாய மாதிரி, வந்த வேகத்தில் ஓகே ஆனது. கடுகு மஞ்சள் மட்டும், சரக்கு வாங்கும் பையர் சார்பில் ஒப்புதல் தரும் பையிங் ஆபீசில் கிடந்தது. லேப் டிப் போட்டு அனுப்பியதும் இதே பட்டறைதான். சொன்ன நாளில் அனுப்பினார்கள். ஒப்புதல் வந்து சேர்வதற்குள், டையிங்குக்கு முன்னால் பிளானில் நான் விட்டு வைத்திருந்த ஸ்லாக், அதாவது உபரி நாட்கள், மொத்தமும் போய்விட்டது. துணி பட்டறைக்குள் நுழையும்போது ஒரு நாள்கூட மிச்சமில்லை. அங்கே ஒரு லாட் துணிக்கு ஷேடு, அதாவது நிறச் சாயல், தப்பி மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் போனது. தூத்துக்குடியில் பிடிக்க வேண்டிய கப்பலும் போனது. பாதிச் சரக்கை ஏரில், விமானத்தில், அனுப்ப வேண்டும், அந்தச் செலவு யார் தலையில் என்பதுதான் அன்றைய ரிவ்யூவே.

ஷேடு தப்பியது பட்டறையின் பிழைதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் ஷேடு தப்பும் என்று தெரிந்துதான் ஸ்லாக்கே விடுகிறோம். அந்த நாட்கள் அவருக்காக வைத்த நாட்கள். வேறொருவர் மேசையில் தீர்ந்துவிட்டன.

நான் பிளான் போடும் மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் மென்பொருளில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். கிரிட்டிக்கல் பாத்தில் இருக்கும் வேலை சிவப்பில் நிற்கும். ஒரு வேலையை நூறு சதவீதம் முடிந்தது என்று போட்டால் அதற்கு ஒரு டிக் விழும், சிவப்பு போய்விடும். எவ்வளவு தாமதமாக முடிந்தது என்பது கணக்கே இல்லை. இதை மென்பொருளின் குறை என்று சொல்ல மாட்டேன். கிரிட்டிக்கல் பாத் என்பது இனி எந்த வேலை பிந்தினால் கடைசித் தேதி நகரும் என்று சொல்வதற்கானது. நேற்று நாட்களை யார் தின்றார்கள் என்று சொல்வதற்கல்ல. அதற்குப் பேஸ்லைன் என்று தனியாக இருக்கிறது. முதலில் போட்ட தேதிக்கும் நடந்த தேதிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நெடுவரிசையில் காட்டும். என் ஃபைலிலும் இருந்தது. எம்டிக்கு எல்லாம் ஒரே பக்கத்தில் வேண்டும் என்பதால் அந்த நெடுவரிசை மறைத்துத்தான் இருக்கும், எப்போதுமே அப்படித்தான்.

ரிவ்யூவில் எம்டி சுவரில் விழுந்த பிளானைப் பார்த்துவிட்டு, "டையிங்தானே லேட்டு?" என்றார். "ஃபைல்படி இப்ப அதுதாங்க சார் கிரிட்டிக்கல்" என்றேன். பையர் தரப்போடு பேசி ஒப்புதல் வாங்கும் மெர்சண்டைசர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏர் செலவில் ஒரு பங்குக்குப் பட்டறை பேரில் டெபிட் நோட், அதாவது பணம் பிடிக்கும் சீட்டு, போனது.

அந்த "இப்ப" என்ற சொல்லை நான் தெரிந்துதான் போட்டேன். கேட்பவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று. யாரும் பிடிக்கவில்லை.

நெடுவரிசையைத் திறந்து காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். மஞ்சள் ஒப்புதல் பிந்தியது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன, பையருக்கு டெபிட் நோட் போடுகிற கம்பெனி இந்த ஊரில் எது? மேலே போக முடியாத பணம் கீழேதான் இறங்கும். நான் பிளானர், பஞ்சாயத்துக்காரன் இல்லை. சரி, ஒன்றும் ஆகியிருக்காது என்றால் திறந்து காட்டுவதில் எனக்கு என்ன நஷ்டம்? இந்த இடத்துக்கு வந்ததும் வாதம் நின்றுவிடுகிறது.

இந்தக் கிரிட்டிக்கல் பாத் முறை பிறந்த இடத்தையும் யோசித்துப் பார்க்கிறேன். 1957-ல் டூபாண்ட் கம்பெனியின் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் கெல்லியும் சேர்ந்து ரசாயன ஆலை கட்டும் வேலைகளுக்காகக் கிரிட்டிக்கல் பாத் கணக்கைப் போட்டார்கள். ஒரே முதலாளிக்கான ஆலை. ஒருவர் தின்ற நாள் இன்னொருவருக்குக் குறைந்தால், மொத்தத்தில் அந்த முதலாளி கணக்குக்குள்ளேயே சரியாகிவிடும். இங்கே நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர். ஸ்லாக் பொதுச் சொத்து, அபராதம் மட்டும் தனிச் சொத்து.

அதிலும் சாயத்துக்கு ஓர் இக்கட்டு உண்டு. தையல் பிந்தினால் நைட் ஷிஃப்ட் போட்டுப் பிடித்துவிடலாம். பட்டறை அப்படி ஓட முடியாது. 2011 ஜனவரியில் நொய்யல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகாமல் சுத்திகரித்தால்தான் பிழைப்பு. ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீரைச் சுத்திகரிக்க முடியுமோ, அவ்வளவு சாயம்தான். மென்பொருளில் ஆளைக் கூட்டி நாளைக் குறைக்கலாம். கழிவுநீர்க் கணக்கை அதில் எங்கே போடுவது?

அடுத்த ஆர்டரிலிருந்து வித்தியாச நெடுவரிசையை ரிவ்யூ பக்கத்திலேயே வைத்தேன். எம்டி முகம் சுளித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. நியாயம் வந்துவிடும் என்று நம்பினேன். வந்தது வேறு. ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே தாமதம் நாள் கணக்கில் தெரியத் தொடங்கியதும், எல்லாரும் நாட்களைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒப்புதலுக்கு மெர்சண்டைசர் இரண்டு வாரம் கேட்கிறார். பேக்கிங்கும் அப்படியே. முன்பு கண்ணுக்குத் தெரிந்த ஸ்லாக் இப்போது ஒவ்வொரு வரிக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. முன்னைவிட இது மேலா என்று கேட்டால், ஒரு வாரம் ஆம் என்பேன், அடுத்த வாரம் இல்லை என்பேன்.

சாயப்பட்டறைக்காரர் எங்களுக்கு இன்னும் ஓட்டுகிறார். அந்த போன் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. முன்பு ஏழு நாள் என்பவர் இப்போது, "பத்து போட்டுக்குங்க தம்பி" என்கிறார். பத்துப் போட்டால் கப்பல் தேதி இடிக்கிறது. நான் எட்டுப் போடுகிறேன். நான் குறைப்பேன் என்று தெரிந்துதான் அவர் பத்து என்கிறார் என்பது என் ஊகம். போன மாதம் ஒரு ஆர்டரை ஒன்பதாவது நாள் கொடுத்தார். அவர் கணக்கில் ஒரு நாள் முன்னால். என் வித்தியாச நெடுவரிசையில் அவர் பெயருக்கு நேரே ஒரு நாள் தாமதம் என்று விழுந்தது. அதை எம்டி பார்த்தார்.