கடல் மீனின் வால் அரிக்கிறதா? கடைப் பொடியைத் தொட்டியில் கொட்டாதீர்கள்

துடுப்பு கிழிந்திருக்கிறது என்று கடையில் போய்ச் சொன்னால், மீனைப் பார்க்காமலேயே ஒரு பொடியைக் கையில் திணித்துவிடுகிறார்கள். என் பாங்காய் கார்டினல் என்ற கடல் மீன் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம், அந்தப் பொடி தொட்டிக்குள் போகாததுதான். திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் கடல் மீன் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

வாலின் மேல் நுனி குட்டையாகிக்கொண்டே வந்தது. மீன் வாங்கிய கடைக்குப் படம் அனுப்பினேன். “ஃபின் ராட்டுங்ணா. டெட்ராசைக்ளின் போட்டு உடுங்க, கூட ரெண்டு கைப்பிடி கல்லுப்பு” என்று பதில் வந்தது. ஃபின் ராட் என்றால் துடுப்பு அழுகல்; டெட்ராசைக்ளின் ஒரு ஆன்டிபயாட்டிக், அதுதான் அந்தப் பொடி. நன்னீர் மீனுக்குச் சொல்லும் வைத்தியம் இது. உப்பு நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிவிடும். பெரும்பகுதி மருந்து மீனுக்கு உதவாது. லைவ் ராக்கில், அதாவது தொட்டியில் வைக்கும் உயிருள்ள கடல் பாறையில், குடியிருந்து மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆபத்து. அது போனால் அம்மோனியா ஏறும். கல்லுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கடல் நீர் ஏற்கெனவே உப்புதான். இன்னொருவர் காப்பர் போடச் சொன்னார். காப்பர் ஒட்டுண்ணிக்கான மருந்து. வால் அரிப்புக்குக் கேட்காது, தொட்டியில் இருக்கும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

சரி, டாக்டரிடமே கேட்போம் என்று வேலைக்கு லீவு போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். “மீனெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க, மீன்வளத்துறையில கேட்டுப் பாருங்க” என்றார்கள். அங்கே போனால் கட்லா, ரோகு, திலேப்பியா வளர்ப்புக்குத்தான் ஆள் இருந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் அரை நாள் போய்விட்டது. அப்புறம் கோவைக்கு பஸ் ஏறி வாங்கி வந்த அம்மோனியா டெஸ்ட் கிட்டோ, வீட்டில் பிரித்துப் பார்த்தால் தேதி முடிந்தது. அடியில் அச்சடித்த தேதியின் மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். வாங்கும்போதே ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து வாலை ஜூம் செய்து படம் எடுங்கள். கிழிசல் பிளேடு போட்டதுபோல் சுத்தமாக, ஓரம் தெளிவாக இருந்தால் வேறொரு மீன் கடித்தது. அதற்கு மருந்தே வேண்டாம்; கடிக்கும் மீனைப் பிரித்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் போதும். ஓரம் பிசிறு பிசிறாக, பால் கலங்கியதுபோல் வெளுத்து, துடுப்பு முள்ளுக்கு நடுவே சிவப்பு நூல் ஓடினால் அது பாக்டீரியா. காலிஃப்ளவர் மாதிரி வெள்ளை முடிச்சு இருந்தால் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ், பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

என் மீனுக்கு முதல் இரண்டும் சேர்ந்து இருந்தன. சாயங்காலம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கடைக்காரர் “சாதுங்ணா” என்று சொல்லி விற்ற நீல டாம்சல் மீன், இரை போடும் நேரத்தில் பாறை இடுக்கிலிருந்து பாய்ந்து கார்டினலின் வாலைக் கொத்திவிட்டு ஓடியது. நீளத் துடுப்பும் மெதுவான நீச்சலுமாக இருக்கிற மீன், தப்பிக்க வழியில்லை. கடித்த இடத்தில் கிருமி ஏறியிருக்கிறது. புது கிட்டில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் மட்டும் 40 பிபிஎம். ஆர்.ஓ. தண்ணீரில் கலந்த உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அதை இறக்கினேன். நம் ஊர் போர் தண்ணீரில் உப்புக் கலக்க நினைக்காதீர்கள்.

கார்டினலைத் தனித் தொட்டிக்கு மாற்றினேன். மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. பைப், ஹீட்டர், பெரிய தொட்டியோடு சேர்ந்த ஃபில்டர் தொட்டியில் (சம்ப்) ஊறிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப். ஆன்லைனில் வரவழைத்த நைட்ரோஃபுராசோன் என்ற பாக்டீரியா மருந்து, டப்பாவில் போட்டிருந்த அளவு. ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும். வெளிச்சம் பட்டால் இந்த மருந்து கெடும் என்பதால் தொட்டிமேல் பழைய போர்வையைப் போட்டேன். தண்ணீர் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். மருந்து ஃபில்டர் பாக்டீரியாவையும் தாக்கும் என்பதால் தினமும் அம்மோனியா பார்க்க வேண்டும்; கொஞ்சம் ஏறினாலும் தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்தைச் சேர்க்க வேண்டும்.

சிவப்பு மறைந்தது. தானாக வந்து இரை எடுத்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டாம்சல் பெருந்துறை நண்பர் தொட்டிக்குப் போய்விட்டது, அங்கே அது ஒன்றுதான்.

புதுத் துடுப்பு முளைக்கும்போது ஓரம் நிறமில்லாமல் வெளிறித் தெரியும். அதைப் பார்த்து மறுபடி அரிக்கிறது என்று மருந்தைத் தூக்காதீர்கள். ஓரம் வழவழப்பாக, கண்ணாடியாக இருந்தால் வளர்கிறது. கலங்கிப் பிசிறடித்தால்தான் நோய். ஆனால் அரிப்பு வாலின் அடிச்சதை வரை போய்விட்டால் அந்த இடத்தில் திரும்ப முளைப்பது கடினம். அதனால் நுனியில் இருக்கும்போதே டார்ச்சை எடுங்கள்.