மானுமென்ட் வேலியில் ஒரு மணி நேரம் தொலைந்த கதை

அமெரிக்காவில் செம்பாறைக் குன்றுகளுக்குப் பேர்போன பள்ளத்தாக்கான மானுமென்ட் வேலிக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. நாங்கள் பார்க்கவில்லை.

ஜூன் மாதம். அரிசோனாவில் பேஜ் என்ற ஊரில் தங்கியிருந்தோம். மாலை ஐந்தரை மணி ஜீப் சுற்றுலாவுக்கு நான்கு பேருக்கும் முன்பதிவு செய்திருந்தோம். இரண்டு மணி நேரப் பயணம்தானே என்று இரண்டரைக்குக் கிளம்பி, வழியில் கயென்டா என்ற ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது காரில் மணி நாலே முக்கால். 'சீக்கிரமே வந்துட்டோம்' என்று பெருமை வேறு. ஆனால் அங்கே மணி ஐந்தே முக்கால். ஜீப் போய்விட்டது.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கம் அரிசோனாவில் கிடையாது. அதே மாநிலத்துக்குள் இருந்தாலும், நவஹோ பழங்குடியினர் தாங்களே நிர்வகிக்கும் நவஹோ தேசத்தில் உண்டு. மானுமென்ட் வேலி இருப்பது அங்கேதான். (நவஹோ நிலம் சுற்றிவர இருக்க, நடுவில் இருக்கும் ஹோப்பி பழங்குடி மக்கள் மாற்றுவதில்லை!) முன்பதிவுச் சீட்டில் 'நவஹோ நேரம்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. படித்தோம், மண்டையில் ஏறவில்லை.

நுழைவாயிலிலும் ஒரு பாடம். 80 டாலருக்கு வாங்கிய தேசியப் பூங்கா ஆண்டு அட்டையைக் கெத்தாக நீட்டினேன். அங்கிருந்த அம்மா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். இது அமெரிக்க அரசின் பூங்கா இல்லை. 1958 முதல் நவஹோ தேசமே நடத்தும் பூங்கா. அந்த அட்டை இங்கே செல்லாது. தலைக்கு 8 டாலர் கட்டினோம்.

விட்ட ஜீப்புக்குப் பதில் மறுநாள் காலையில் இடம் கொடுத்தார்கள். அவர்கள் நல்ல மனசு. தவறு முழுக்க எங்களுடையது. உள்ளே 17 மைல் மண் பாதை ஒன்று உண்டு, சொந்தக் காரிலும் போகலாம். ஆனால் எங்களுடையது தரை தாழ்ந்த வாடகைக் கார். மண் சாலையில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. சரி, அன்றைக்கு மேட்டிலிருந்தே பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டோம். கட்டை விரலை மட்டும் பிரித்து வைத்த கையுறை மாதிரி இரண்டு பாறைகள், பக்கத்தில் மெரிக் குன்று. வெயில் இறங்க இறங்க, செங்கல் நிறம் குங்குமமாகி, கடைசியில் அணைந்த கரியாகிவிட்டது. ஜீப்பில் போயிருந்தால் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்போமா என்ன?

காலையில் பின்பக்கம் திறந்த வண்டி. முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். நான் மூடவில்லை, மதியம்வரை பல்லில் மணல் கடிபட்டது. பொதுப் பாதையைத் தாண்டி உள்ளே போக நவஹோ வழிகாட்டி கட்டாயம் வேண்டும். எங்களுக்கு வந்தவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். ஓரிடத்தில் வண்டியை மெதுவாக்கி, "அந்த வீட்டைப் படம் எடுக்காதீர்கள், ஆள் குடியிருக்கிறது" என்றார். இன்னும் சில குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன; தண்ணீரை வண்டியில்தான் ஏற்றி வருகிறார்கள். அதுவரை அதைப் படப்பிடிப்புக்குப் போட்ட வீடு என்றே நினைத்திருந்தேன், வெட்கமாக இருந்தது.

'பெரிய ஹோகன்' என்ற குகைக்குக் கூட்டிப் போனார். ஹோகன் என்றால் நவஹோ மக்களின் மரபு வீடு. அதன் கூரையில் புகை போக ஓட்டை இருப்பதுபோல இந்தப் பாறைக்கூரையிலும் ஒரு பெரிய ஓட்டை. சாய்வான பாறையில் எங்களைப் படுக்கவைத்து மேலே பார்க்கச் சொன்னார். ஓட்டையைக் கண்ணாக வைத்தால் ஒரு கழுகின் தலை தெரிந்தது. என் மனைவிக்கு உடனே தெரிந்தது, எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

திரும்பும் வழியில் கயென்டாவில் பொரித்த ரொட்டி சாப்பிட்டோம். பட்டூராவுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். சைவக்காரர்கள் எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பன்றிக் கொழுப்பிலும் பொரிப்பதுண்டு. பேஜுக்கு வந்ததும் தொலைந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. நால்வரும் அதைத் தூங்கியே தீர்த்தோம்.