இரண்டாயிரம் ரூபாய் செட்டும் அதற்குள் இருக்கும் ஒற்றைச் சில்லும்

ஏற்காட்டில், செல்பேசிக் கோபுரங்களும் வேறு சில அலைபரப்புக் கோபுரங்களும் நெருக்கமாக நிற்கும் ஒரு மேட்டில், போன மார்கழியில் ஒரு காலை நேரம் என் கையடக்க வானொலி செட்டுடன் (வாக்கி-டாக்கி) நின்றிருந்தேன். கீழே சேலத்தில், சக ஹாம் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலி செட்டில் பேசுபவர்) நண்பர் ஒருவர் தம் வீட்டு மொட்டைமாடியில் காத்திருந்தார். வேண்டிய உயரம் இருந்தது. இடையில் மறைப்பு எதுவும் இல்லை. செட்டோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, நீளமான நல்ல ஆன்டெனா ஒன்றையும் மாட்டியிருந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. என் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது என்பதை அவர் கைப்பேசியில் அழைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சலித்துப்போய்ப் பழைய ரப்பர் ஆன்டெனாவையே திரும்ப மாட்டியபோது, இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு பாறையின் மறைவில் இறங்கி நின்றபோது, இரைச்சலும் போய்விட்டது.

நல்ல ஆன்டெனா போட்டால் செவிடாகி, மட்டமான ஆன்டெனா போட்டால் காது கேட்கிற ஒரு கருவியை ஏன் இத்தனை பேர் வாங்குகிறோம் என்று அன்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அதன் விலை ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கும், அது ஏன் செவிடானது என்ற கேள்விக்கும் ஒரே பதில்தான் என்பது கொஞ்சம் படித்த பிறகு புரிந்தது. (என் செட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் குறை அந்த மலிவு வகைக்கே பொதுவானது. ஒரு பெயரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.)

அந்த வகையில் ஒன்றான, சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தைச் சேர்ந்த பாவ்ஃபெங் நிறுவனத்தின் யூ.வி.-5ஆர் 2012 வாக்கில் சந்தைக்கு வந்தபோது, இரண்டு பேண்டுகளில் (அதிர்வெண் பகுதிகளில்) இயங்கும் ஒரு கைச்செட்டை நூறு டாலருக்குக் குறைவாக வாங்குவது அரிதாக இருந்தது. யாசு, ஐகாம், கென்வுட் என்ற ஜப்பானியப் பெயர்களைத்தான் ஹாம்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செட்டுகள் சூப்பர்ஹெட்டரோடைன் முறையில் அமைந்தவை. ஆன்டெனாவில் வந்து சேரும் அலை முதலில், வேண்டாத அலைகளைத் தடுக்கும் முன்வாசல் வடிகட்டியைக் கடக்கும். பிறகு பல பத்து மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கும், அங்கிருந்து 450 அல்லது 455 கிலோஹெர்ட்ஸுக்கும் இறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் ஒரு படிக வடிகட்டியோ செராமிக் வடிகட்டியோ காவலுக்கு நிற்கும். இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் காசு. மின்சுற்றுப் பலகையில் அவை அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும், தொழிற்சாலையில் அவற்றைச் சரிபார்க்கும் ஆளுக்கும் தனிக் காசு.

யூ.வி.-5ஆர் இந்தப் பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆர்.டி.ஏ. மைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் 1846 என்ற ஒற்றைச் சில்லில் (சிப்) வானொலி முழுவதையும் அடக்கியது. அலையைக் கீழே இறக்குவது, எண்களாக மாற்றுவது, அந்த எண்களிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பது எல்லாமே நகத்தளவுச் சிலிக்கானுக்குள் நடந்துவிடும். வெளியே மிஞ்சுவது ஒரு திறன்பெருக்கி, சில வடிகட்டிகள், திரை, பொத்தான்கள், 7.4 வோல்ட் பேட்டரி ஆகியவைதான். இருபத்தைந்து, முப்பது டாலருக்கு ஒரு செட் சாத்தியமானது இப்படித்தான்.

சில்லுக்குள் செய்யும் எண்முறை வடிகட்டல் ஒன்றும் மோசமானதன்று. வேண்டிய குரலைப் பக்கத்துக் குரலிலிருந்து அது ஒழுங்காகவே பிரிக்கும். ஆனால் அந்தப் பிரிப்பு நடப்பது உள்ளே வந்த பிறகு. கல்யாண மண்டபத்தின் வாசலில் யாரையும் தடுக்காமல் உள்ளே விட்டுவிட்டு, பந்தியில் இலை போட்ட பிறகு நம் வீட்டு ஆட்களைத் தேடுவது போன்ற ஏற்பாடு அது. சாதாரணத் தெருவில் கூட்டம் வராததால் சிக்கலும் வராது. ஏற்காட்டு மேட்டில் கோபுரங்களின் அலை முழுவதும் மண்டபத்துக்குள் புகுந்து, சில்லின் முதல் பெருக்கியே திணறிப்போகும்போது, சேலத்திலிருந்து வரும் மெல்லிய குரலுக்கு உட்கார இடமில்லை. நீள ஆன்டெனா நண்பரின் குரலை மட்டுமா கூட்டிக்கொண்டு வந்தது? கோபுரங்களையும் சேர்த்துத்தானே கூட்டிக்கொண்டு வந்தது.

அனுப்பும் பக்கத்திலும் இதே சிக்கனம்தான். சில்லிலிருந்து வரும் அலையைப் பெருக்கும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் வேண்டாத அலைகளும் உண்டாகும். அவற்றை ஆன்டெனாவுக்குப் போகவிடாமல் தடுப்பது கடைசியில் இருக்கும் தாழ்வழி வடிகட்டியின் வேலை. நண்பரிடம் டைனிஎஸ்ஏ என்ற சிறிய அலைமாலை அளவி உண்டு; எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலை இருக்கிறது என்று திரையில் காட்டும் கருவி அது. அலையின் வலுவைக் குறைக்கும் தக்க குறைப்பானை நடுவில் வைத்து என் செட்டை அதனோடு இணைத்து, பேசுவதற்கான பி.டி.டி. பொத்தானை அழுத்தினோம். திரையில் 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெரிய ஊசி எழுந்தது. 290-இல் ஒன்று, 435-இல் இன்னொன்று என்று கூடவே இரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்றன. அமெரிக்க விதிப்படி, இந்த 145 அடங்கிய இரண்டு மீட்டர் பேண்டில் 25 வாட்டுக்கு மேற்படாத செட்டின் வேண்டாத அலை, முதன்மை அலையைவிடக் குறைந்தது 40 டெசிபெல் (அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காக) தாழ்ந்திருக்க வேண்டும். 25 மைக்ரோவாட்டையும் தாண்டக் கூடாது. நான்கு வாட் செட்டுக்கு இந்த இரண்டாவது நிபந்தனை ஏறக்குறைய 52 டெசிபெல் என்று கணக்காகிறது. என் செட் 40-ஐக்கூட எட்டவில்லை. 435 நம் நாட்டு ஹாம்களின் 434–438 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்குள்ளேயே விழுகிறது என்பதால், நான் தொல்லை கொடுத்தது எங்கள் ஆட்களுக்குத்தான் என்று நண்பர் சிரித்தார். ஆனால் 290 ஹாம்களுக்கு உரியதல்ல; அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் செட்டுகள் 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையும் திறந்து கிடக்கின்றன. இந்திய ஹாமுக்கு அதில் உரியது 144–146, 434–438 என்ற இரண்டு சிறு துண்டுகள் மட்டுமே. மற்ற இடங்களில் பொத்தானை அழுத்துவது குற்றம். உரிமம் இல்லாதவருக்கோ எந்த இடத்திலும் குற்றம். உரிமம் பெறுவது பெரிய மலையேற்றமும் இல்லை. பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் மத்திய அரசில் வானொலி அலைகளை நிர்வகிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை எழுதலாம். மோர்ஸ் (புள்ளி-கோடு) தந்திக் குறியீடு தெரியாதவர்களுக்கான ரெஸ்ட்ரிக்டட் பிரிவில் தேறினால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். நானும் அந்த வகையைச் சேர்ந்தவன்தான். செட்டை முதலில் வாங்கிவிட்டு உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு எல்லாம் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

செட்டின் விசைப்பலகை வழியாக ஒரு ரிப்பீட்டரை (ஓர் அதிர்வெண்ணில் குரலை வாங்கி இன்னொன்றில் திரும்ப அனுப்பும் நிலையம்) சேமிப்பது பற்றி எழுதினால் கோபம்தான் வரும். யூ.வி.-5ஆரில் பெறும் அதிர்வெண்ணை ஒரு முறையும், அனுப்பும் அதிர்வெண்ணை இன்னொரு முறையும் அதே இடத்தில் பதிய வேண்டும். நடுவில், ரிப்பீட்டரைத் திறக்கும் டோனை மறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிர்ப் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டு கணினியிலிருந்து கேபிள் வழியாகச் செட்டுக்குள் எழுதுவதே அறிவு. ஆனால் மலிவுக் கேபிள்கள் பலவற்றில் இருப்பது போலிச் சில்லு. விண்டோஸின் புதிய டிரைவர் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழைய டிரைவரைத் தேடிப்பிடித்துப் போடுவதில் என் ஞாயிற்றுக்கிழமை ஒன்று முழுதாகக் கழிந்தது.

2023-இல் பரவலான குவான்ஷெங் யூ.வி.-கே5 இதே கதையின் அடுத்த படி. அதில் இருப்பது பெக்கன் நிறுவனத்தின் பி.கே.4819 என்ற சில்லு. அந்தச் செட்டின் மென்பொருளை ஆர்வலர்கள் பிரித்துப் படித்து, திறமூலமாகத் தாங்களே எழுதி, கேபிள் வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். வெறும் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அலைமாலைத் திரை ஒன்றையே வரைந்துவிட்டார்கள். திறமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் மென்பொருளை எத்தனை முறை மாற்றினாலும், வாசலில் இல்லாத காவலாளி வந்துவிட மாட்டான்.

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 145 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் சுமார் அரை மீட்டர். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய கம்பியில் 49 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையைச் சீவி, ஆன்டெனா திருகும் இடத்தின் வெளி உலோகத்தைத் தொடும்படி வளைத்துச் செருகி, மறுமுனையை வால்போலத் தொங்கவிட்டால், அதுவரை நம் கையும் செட்டின் உடம்பும் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்த, ஆன்டெனாவின் மறுபாதியாக நிற்கும் எதிர்முனை வேலையை அந்த வால் ஏற்றுக்கொள்ளும். சமவெளியில், கோபுரங்களுக்குத் தொலைவில், இதன் பலன் காதிலேயே தெரிகிறது.

மேட்டுக்கு இது போதாது. ஆகவே 144–146-ஐ மட்டும் போகவிடும் பேண்ட்பாஸ் வடிகட்டி ஒன்றைத் தருவித்தேன். செட்டின் முனை எந்த வகை என்று பார்க்காமல் எதிர்வகை இணைப்பானை முதலில் வாங்கிவிட்டதால், அதற்கு ஒரு வாரம் தாமதம். தீப்பெட்டிகள் இரண்டை ஒட்டியது போன்ற அலுமினியப் பெட்டி அது. செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, உள்ளே வரும் கோபுரங்களையும் வெளியே போகும் 290, 435-ஐயும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது. பங்குனியில் அதே மேட்டில், அதே நீள ஆன்டெனாவோடு நண்பரை அழைத்தேன். காபி ஆறிப்போகிறது, சீக்கிரம் பேசி முடியுங்கள் என்றார். காபியை ஆற்றும் டபராச் சத்தமும் கூடவே கேட்டது. பெட்டியின் விலை செட்டின் விலையைப் போல ஒன்றரை மடங்கு.