உறைந்த ஏரியை பிளெண்டரில் உருவாக்கிப் பார்த்த அனுபவம்

மலைகளுக்கு நடுவே உறைந்து கிடக்கும் ஓர் ஏரியை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் உருவாக்க மூன்று வாரங்களாக முயன்று வருகிறேன். மலையும் வானமும் சீக்கிரமே கைகூடின, பனிக்கட்டிதான் பிடிகொடுக்கவில்லை. முதல் ரெண்டரில், அதாவது மென்பொருள் கணித்துத் தந்த படத்தில், அது மெருகேற்றிய நீலக் கண்ணாடித் தகடாகவே தெரிந்தது.

அதற்கு ஒரு காரணம், கண்ணாடிக்குரிய 1.5 என்ற ஒளிவிலகல் எண்ணையே (ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண்) பனிக்கட்டிக்கும் கொடுத்திருந்ததுதான். பனிக்கட்டியின் எண் 1.31. நேர்க்குத்தாக விழும் ஒளியில் கண்ணாடியின் பரப்பு ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பனிக்கட்டியோ 2 சதவீதத்துக்கும் குறைவாகவே அனுப்பும். எண்ணை மாற்றியதும் கேமராவுக்கு நேர் கீழே இருந்த பகுதியின் பளபளப்பு அடங்கி, உள்ளே இருப்பது தெரியத் தொடங்கியது.

உள்ளே தெரியத் தொடங்கியதும் வேறொரு குறை கண்ணில் பட்டது. மலையின் பிரதிபலிப்பு, சற்றே விலகி, இரண்டாக விழுந்திருந்தது. பனிப்பாளமும் நீரும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருக்க இரண்டுக்கும் இடையே 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தேன். அந்த மெல்லிய காற்றடுக்கினால் பாளத்தின் அடிப்பரப்பும் கண்ணாடிபோல் பிரதிபலித்துக்கொண்டிருந்தது. உண்மையான ஏரியில் நீர் பனிக்கட்டியை ஒட்டியே இருக்கிறது, 1.31, 1.33 ஆகிய இரு எண்களும் மிக நெருங்கியவை என்பதால் அந்த எல்லை கண்ணுக்கே தெரிவதில்லை. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ஒரே பரப்பை வைத்து, அதன் நார்மலை (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் குறிக்கும் திசையை) மேல்நோக்கித் திருப்பி, இரு எண்களின் விகிதமான 1.015ஐக் கொடுத்தேன். இரண்டாவது மலை மறைந்துவிட்டது.

நிறத்தில் நான் செய்தது மிகைதான். பனிக்கட்டி சிவப்பொளியை நீலத்தைவிட அதிகமாக உறிஞ்சுகிறது என்பது உண்மையே; ஆனால் அந்த நீலம் கண்ணுக்குப் புலப்பட ஒளி உள்ளே நெடுந்தூரம் பயணிக்க வேண்டும். ஆழமான நீரின்மேல் கிடக்கும் அரை மீட்டர்த் தெளிந்த பாளம் கருமையாகவே தெரியும். எனவே சமதளத்தில் நீலத்தை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, பைக்கால் ஏரியில் காண்பதுபோல் அழுத்தத்தால் உடைந்து நிமிர்ந்து நிற்கும் பாளங்களில் மட்டும், பின்னாலிருந்து சூரியன் படும்படி வைத்து, பசுநீலத்தை வரவழைத்தேன்.

என் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை விரிசல்கள். பரப்பை ஒழுங்கற்ற செல்களாகப் பிரிக்கும் வோரோனோய் டெக்ஸ்சரில் அந்தச் செல்களின் விளிம்புத் தொலைவை எடுத்து மேற்பரப்பில் வெள்ளைக் கோடுகளாக முதலில் பதித்தேன். நிலைப்படத்தில் ஏமாற்றிவிட்ட அவை, கேமரா நகர்ந்ததும் தரையில் சுண்ணாம்பால் கிழித்த கோடுகளாகிவிட்டன. விரிசல் என்பது கோடல்ல, பாளத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஒரு திரை. அதனால் கோடுகளை வளைவுகளாக மாற்றி, 20 முதல் 45 சென்டிமீட்டர் ஆழம் வரை கீழே இழுத்து, லேசாகச் சாய்த்து, நாய்ஸ் எனும் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம் கொண்டு நெளித்து, உள்ளே மெல்லிய காற்றிடைவெளியாக அமைத்தேன். பனிக்கட்டியிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளி ஏறத்தாழ 50 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால் முழுவதுமாகத் திரும்பிவிடும். வெள்ளை நிறம் எதுவும் பூசாமலேயே, முன்னணியில் உள்ள ஒரு விரிசலின் மேல்விளிம்பு மங்கிய கோடாகவும், அதன் இடுப்புப் பகுதி கசங்கிய வெள்ளித்தாள்போல் மின்னியும், அடிப்பகுதி இருளில் கரைந்தும் தெரிந்தபோது இத்தனை நாள் உழைப்பும் வீண்போகவில்லை என்று மனம் நிறைந்தது.

கனடாவின் ஏப்ரகாம் ஏரியில் காணும் மீத்தேன் குமிழ்களைப்போல, தட்டையான வட்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாகவும் அடுக்கினேன். அடியிலிருந்து எழும் வாயு பாளத்தின் அடியில் சிக்கிக்கொள்ள, பனிக்கட்டி மேலும் கீழ்நோக்கித் தடிக்க, அடுத்த குமிழ் அதற்குக் கீழே அகப்படுகிறது. அடுக்குகளை நேர்க்கோட்டில் வைக்காமல் சற்று விலக்கியதில் இயல்பு வந்தது.

இப்போது எஞ்சியிருப்பது கரையோரம். பாறையைத் தொடும் இடத்தில் பாளம் இன்னும் கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. அங்கே நொறுங்கிய துண்டுகளையும் காற்று ஒதுக்கிய பனித்தூளையும் சேர்க்கும் வேலையை நேற்று தொடங்கியிருக்கிறேன்.