ஆழம் கம்மியான இடத்துலதான் வேலை ஜாஸ்தி

அந்தமான்ல இருக்குற ஹேவ்லாக் தீவுக்கு வர்ற டைவர்ங்க நிறைய பேரு கையில ஒரு லிஸ்டோடதான் வர்றாங்க. டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார், இந்த மூணு டைவ் இடத்துக்கும் கண்டிப்பா போகணும், சுறா பாக்கணும், நீரோட்டம் இருந்தாலும் பரவால்லன்னு. தப்பில்ல, அந்த இடங்க அப்படி. (2018 கடைசிலேர்ந்து தீவோட பேரு ஸ்வராஜ் த்வீப், ஆனா ஜெட்டியிலயும் கடையிலயும் இன்னும் எல்லாரும் ஹேவ்லாக்னுதான் சொல்றோம்.) நான் இங்க டைவ் இன்ஸ்ட்ரக்டரா இருக்கேன், சொந்த ஊரு தூத்துக்குடி பக்கம். இவ்வளவு நாள் பாத்ததுல எனக்குப் பட்டது, எங்க வேலையில முக்கால்வாசி பொறுப்பு கரையிலேர்ந்து நடந்தே இறங்குற நீமோ ரீஃப்ங்குற பவளப்பாறையிலதான் இருக்கு. அத பத்தி யாரும் பெருசா பேச மாட்டாங்க. புதுசா வர்றவங்கள கூட்டிட்டுப் போற இடம்னு ஒரு வார்த்தையில முடிச்சுருவாங்க.

ஆழத்த பத்தி மொதல்ல சொல்லிடுறேன், எனக்கும் அது புடிக்கும்ல. 1925 வாக்குல பர்மாவுலேர்ந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறுன கரென் மக்கள் இங்க இருக்காங்க, கடல் அவங்களுக்கு அத்துப்படி. டிக்சன், ஜானி, ஜாக்சன் எல்லாம் அந்த ஆளுங்க பேருதான், அவங்க காட்டிக்கொடுத்த பாறைங்க இதெல்லாம். ஜானிஸ் கார்ஜ் போகணும்னா படகுல ஒன்றரை ரெண்டு மணி நேரம் ஆகும், கரையே கண்ணுக்கு தெரியாத மாதிரி நடுக்கடல்ல நங்கூரம் போட்டு, கயித்த புடிச்சுகிட்டே இறங்கணும், விட்டா நீரோட்டம் இழுத்துட்டுப் போயிரும். டிக்சன்ல மூணு பாறை அடியிலேர்ந்து எழுந்து நிக்கும், உச்சியே கிட்டத்தட்ட 18 மீட்டர்லதான் ஆரம்பிக்குது, அடி 30 தாண்டிரும். மஞ்சள் ஸ்னாப்பருங்க சுவரு மாதிரி நிக்கும், பாறைக்கு அடியில வெள்ளை முனை சுறா படுத்துருக்கும், மேல சீலா கூட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். நான் சீலாவயும் பாறை மீனையும் கலவாவயும் ஏலக்கூடத்துல தரையில கொட்டி பாத்து வளந்தவன். அதே சீலா நூத்துக்கணக்குல ஒண்ணா திரும்புறத பாத்தப்ப இத்தன வருஷம் நான் மீன பாக்கவே இல்லையேன்னு தோணுச்சு, இப்பவும் ஒவ்வொரு தடவயும் தோணுது.

ஆனா அங்க வர்றவங்க ஏற்கனவே அட்வான்ஸ்டு டைவ் கோர்ஸ் முடிச்சவங்க, அவங்கள பத்தி பெருசா கவலப்பட வேண்டியதில்ல. நீமோ ரீஃப் வர்றவங்க முக்கால்வாசி பேருக்கு நீச்சலே தெரியாது. மொத நாள் கப்பல்ல வந்திருப்பாங்க, இன்னைக்கு கடலுக்குள்ள இறங்குறாங்க, அதிகபட்சம் 12 மீட்டர் வரைக்கும் போலாம்னு விதி இருக்கு, நாங்க பெரும்பாலும் அதவிட கம்மியாதான் போவோம். ஆழம் கம்மின்னா ஆபத்தும் கம்மின்னு நெனைக்கிறாங்க பாருங்க, அது அப்படி இல்ல. எங்க தாத்தா சங்கு குளிச்சவரு. மூச்ச அடக்கிக்கிட்டு உள்ள போயி அதே மூச்சோட மேல வர்றவருக்கு நுரையீரல் கீழ சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கு திரும்பும், அவ்வளவுதான். நாம முதுகுல மாட்டுற காத்து டாங்க்லேர்ந்து இழுக்குறது வேற கதை. 10 மீட்டர்ல அழுத்தம் மேல இருக்குறத போல ரெண்டு மடங்கு, அந்த ஆழத்துல நெஞ்சு நிறைய இழுத்த காத்த அடக்கி வச்சுகிட்டு மேல வந்தா அது ரெண்டு மடங்கா விரியும். இந்த விரியுறது கடைசி 10 மீட்டர்லதான் ரொம்ப வேகமா நடக்கும். அதனால தாத்தாவோட மொத பாடம் மூச்ச அடக்கு, என்னோட மொத பாடம் மூச்ச எப்பவுமே அடக்காத. பயம் வந்தா மனுஷன் தானா செய்யுறதே மூச்ச அடக்குறதுதான், அதனால தண்ணிக்குள்ள நான் மீன பாக்குறத விட பக்கத்துல வர்றவங்களோட குமிழியத்தான் பாக்குறேன். குமிழி சீரா வந்தா நல்லாருக்காங்க, நின்னா உடனே அவங்க கண்ணுக்கு நேரா போயிருவேன்.

இன்னொண்ணு கட்டைவிரல். கரையில எவ்வளவு சொல்லிக்குடுத்தாலும், உள்ள போயி "நல்லாருக்கா"ன்னு சைகையில கேட்டா பாதி பேரு கட்டைவிரல தூக்கி காட்டுவாங்க. தண்ணிக்குள்ள அதுக்கு அர்த்தம் மேல போகணும்னு. நான் அவங்கள மேல கூட்டிட்டு வந்துருவேன், "ஏன் சார் சீக்கிரம் வந்துட்டோம்"னு கேப்பாங்க. சந்தேகம்னா மேல வர்றதுதான் சரி, அதுல பேச்சே இல்ல.

போன சீசன்ல மதுரையிலேர்ந்து ஒரு குடும்பம் வந்துச்சு. பசங்க ரெண்டு பேரு டைவ் பண்ண, அம்மா கரையில பைய வச்சுகிட்டு உக்காந்திருந்தாங்க, அம்பது வயசுக்கு மேல இருக்கும். நான் தமிழ்ல பேசுறத கேட்டதும் எழுந்து வந்து, "தம்பி, என் வயசுக்காரங்க போலாமா, மூச்சு முட்டாதுல்ல?"ன்னாங்க. மெடிக்கல் ஃபார்ம தமிழ்ல ஒவ்வொண்ணா படிச்சு சொன்னேன், ஆஸ்துமா இல்ல, நெஞ்சு வலி இல்ல, பிரஷர் இல்ல. இடுப்பளவு தண்ணியில மண்டி போட்டு வாயால மூச்சு விடவே கால் மணி நேரம் ஆச்சு. "ஒரு அவசரமும் இல்லம்மா, தண்ணி எங்கயும் போகாது"ன்னேன். உள்ள போனதும் ரெண்டு கையாலயும் என் முழங்கைய இறுக்கி புடிச்சவங்க கடைசி வரைக்கும் விடல. பூ மாதிரி இருக்குற அனிமோன்ங்குற கடல் உயிரி பக்கம் போனோம், அதுக்குள்ள குடியிருக்குற ஆரஞ்சு வெள்ள பட்ட போட்ட மீனு ஒண்ணு நேரா அவங்க மாஸ்க்க நோக்கி பாஞ்சு வந்து திரும்பிப் போச்சு, மறுபடி வந்துச்சு. அவங்க பயந்து பின்னாடி போவாங்கன்னு நான் தயாரா இருந்தேன், அவங்க அப்படியே நின்னு பாத்துகிட்டே இருந்தாங்க. மேல வந்து மாஸ்க்க கழட்டுனதும் மொத கேள்வி, "தம்பி அது எதுக்கு அடிக்க வந்துச்சு?" உள்ள முட்ட வச்சிருக்கும்மான்னேன். "அப்ப சரிதான், நம்ம வாசல்ல யாராச்சும் வந்து நின்னா நாம சும்மா விடுவோமா"ன்னாங்க. அந்தக் கூட்டத்துல பெருசா இருக்குறதுதான் பொம்பள, அது செத்துப் போனா அதுக்கு அடுத்து பெருசா இருக்குற ஆண் பொம்பளையா மாறிரும்னு சொன்னப்ப அவங்க ரொம்ப நேரம் பேசல, அப்புறம் பசங்கள கூப்புட்டு அவங்களுக்கும் சொல்ல சொன்னாங்க.

நீமோ ரீஃப்ல எனக்கு ரொம்ப புடிச்சது அந்த மீனு கூட இல்ல. மணல்ல விரல் தடிமன்ல ஒரு பொந்து இருக்கும், வாசல்ல ஒரு சின்ன கோபி மீன் காவலுக்கு நிக்கும், உள்ளேர்ந்து ஒரு இறால் மண்ண தள்ளிகிட்டே வரும், கொட்டிட்டு திரும்பப் போகும், நாள் பூரா இதே வேலை. இறாலுக்கு கண்ணு சரியா தெரியாது, அதனால வெளிய வந்ததும் ஒரு மீசைய மீன் மேல வச்சுகிட்டேதான் வேலை செய்யும். நாம கிட்ட போனா மீன் வால லேசா ஒரு ஆட்டு ஆட்டும், அடுத்த நொடி இறால் உள்ள போயிரும், இன்னும் கிட்ட போனா மீனும் தலகீழா உள்ள. மீன் காவல் பாக்குது, இறால் வீடு கட்டிக் குடுக்குது. இத பாக்கணும்னா ஒரு நிமிஷமாவது அசையாம இருக்கணும். வீடியோ எடுக்குற அவசரத்துல வர்றவங்களுக்கு இது கண்ணுலயே படாது, அவங்க கால்ல மாட்டுற ஃபின்ன அடிச்சு கிளப்புன மண்ணுல பொந்தே மூடிப் போயிருக்கும்.

அந்த மண்ணுதான் என் பெரிய கவலை. கிளம்புன மணல் போயி பவளத்து மேல உக்காருது, பவளத்துல இருக்குற சின்னச் சின்ன உயிரான ஒவ்வொரு பாலிப்பும் கோழைய சுரந்து அத தள்ளி விடணும், அதுக்கே அதோட தெம்பு போயிருது. உருண்டையா பாறை மாதிரி இருக்குற பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்றதே பெருசு, ஒருத்தர் கால ஊன்றதுக்கு ஒரு நொடி போதும். 2010 கோடையில கடல் சூடாகி இந்தப் பக்கத்து பவளம் வெளுத்துப் போனத பழைய ஆளுங்க இன்னும் சொல்றாங்க, கெளை கெளையா இருக்குறதுதான் மொதல்ல செத்துச்சு, வெளுக்குறதுன்னா, உள்ள இருந்து சாப்பாடு செஞ்சு குடுக்குற நுண்ணிய பாசிய பவளம் வெளிய தள்ளிருது, சூடு சீக்கிரம் கொறையலன்னா பட்டினியில செத்துரும். 2016லயும் வெளுத்துச்சு. அதுக்கு முன்னாடி 2004ல சுனாமிய கிளப்புன நிலநடுக்கத்துல வட அந்தமான்ல தரையே மேல எழும்பி ரீஃப் தண்ணிக்கு வெளிய வந்து காஞ்சு போச்சு. சுனாமியயும் கடல் சூட்டயும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஃபின்ன பத்தி பண்ணலாம்.

அதனாலதான் ஃபோட்டோவுக்காக பவளத்து மேல முட்டி போட வைக்கிறது, பிரெட் தூவி மீன கூட்டுறது எல்லாம் பாத்தா எனக்கு கோவம் வரும். பிரெட்டு மீனுக்கு ஆகாது, கிளிமீன் மாதிரி பாசி மேயுற மீனு மேய்ச்சல விட்டுட்டு ஆளு பின்னாடி வந்தா பாசி வளந்து பவளத்த மூடிரும். நான் மொதல்ல வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு நாளைக்கு எத்தன பேர எறக்குனங்குறதுதான் கணக்கு, அடுத்த ஆளு கரையில டாங்க் போட்டு நிப்பாங்க, காதடைப்ப சரி பண்ணக்கூட நேரம் குடுக்க முடியாது. அங்கேர்ந்து வந்துட்டேன். இப்ப இருக்குற இடத்துல ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரே ஆளு, மொதல்ல மணல் திட்டுல பழக்கி, மிதக்க வந்த பிறகுதான் ரீஃப் பக்கம். சம்பளம் கொஞ்சம் கம்மிதான், நிம்மதியா தூங்குறேன்.

பேக்கேஜ் டூர்காரங்களோட வர்ற சண்டை தனி. டைவ கடைசி நாள் காலையில போட்டு சாயங்காலம் ஃபிளைட் வச்சிருவாங்க. ஒரே ஒரு டைவ்னாலும் பறக்க முன்னாடி 12 மணி நேரமாவது விடணும், அதுக்கு மேல பண்ணா 18. உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் மெதுவா வெளிய போகணும், விமானத்துல அழுத்தம் கொறையும், அங்க குமிழி கட்டுச்சுன்னா மூட்டு வலியிலேர்ந்து பக்கவாதம் மாதிரி வரைக்கும் போகும். முடியாதுன்னு சொன்னா காசு திருப்பிக் குடுக்கணும், திட்டு வாங்கணும், புள்ளைங்க முகம் வாடிரும். அப்பவும் நான் எறக்க மாட்டேன். ஸ்நார்கெலிங் பண்ணிட்டு போங்க, மீன் மேலேர்ந்தும் தெரியும்னு சொல்லி அனுப்புவேன்.

நீங்க வர்றதா இருந்தா டைவ முன்னாடி நாளுக்கு மாத்தி போட சொல்லுங்க. சளி புடிச்சிருந்தா மறைக்காதீங்க, காது தாங்காது. கூட வர்றவர்கிட்ட கோபியும் இறாலும் காட்ட சொல்லி கேளுங்க, கேட்டா நாங்க எல்லாருமே சந்தோஷமா காட்டுவோம். புக் பண்றப்ப அன்னைக்கு கடல் ஏறி நிறையுற ஹை டைட் எத்தன மணிக்குன்னு கேட்டு அதுக்கு ஒட்டி நேரம் வாங்கிக்கோங்க, இங்க வத்துனா கரையோரம் ரொம்ப தூரம் கணுக்கால் தண்ணிதான், பவளத்த மிதிக்காம உள்ள போறதே கஷ்டம், நிறைஞ்சிருந்தா அதுக்கு மேல நாம மிதக்க நிறைய இடம் இருக்கும்.